ஒரு சி.ஆர். கொப்பியும் ஒரு காடும்: சமூக வனவியலுக்குப் பொது நிதி எப்படி வருகிறது?

என் பெரியம்மா வவுனியாவுக்கு வடக்கே ஒரு கிராமத்தில் இருக்கிறார். அந்த ஊர் வனக் குழுவுக்குப் பல வருடம் பொருளாளராக இருந்தவர். போன ஆவணியில் கொழும்பிலிருந்து அங்கே போயிருந்தபோது, அலுமாரியின் மேல்தட்டிலிருந்து ஒரு சி.ஆர். கொப்பியை எடுத்து, சேலைத் தலைப்பால் தூசி தட்டி என் கையில் தந்தார். முதல் பக்கத்தில் பிள்ளையார் சுழி. இடது பக்கம் வரவு, வலது பக்கம் செலவு. ‘தேக்கங்கன்று இறக்கிய லொறிக் கூலி’, ‘தீ வழி துப்புரவு, 14 பேர், இரண்டு நாள்’, ‘தேத்தண்ணி, சீனி, பணிஸ்’, ‘கத்தி தீட்டியது’ என்று மூன்று வருடத்துக்குப் பக்கம் பக்கமாக எழுத்து. அதற்குப் பிறகு ‘வங்கி வட்டி’ என்ற ஒரே வரிதான் திரும்பத் திரும்ப வருகிறது.

“மூண்டு வருசம் காசு வந்தது தம்பி. பிறகு ஒருத்தரும் வரேல்லை. நெருப்பு மட்டும் வருசா வருசம் வந்தது,” என்றார்.

சமூக வனவியல் என்ற சொல்லைச் செய்தியில் கேட்டிருப்பீர்கள். அதற்கு அரசாங்கமும் வெளிநாடுகளும் நிதி ஒதுக்கியதாகவும் வாசித்திருப்பீர்கள். அந்த நிதி எங்கிருந்து கிளம்புகிறது, எந்த வழியாக வருகிறது, பெரியம்மாவின் கொப்பியில் ஏன் மூன்று வருடத்தோடு நின்றுபோனது என்பதை, இந்த விஷயத்துக்குப் புதியவர்களுக்கும் விளங்கும்படி சொல்லிப்பார்க்கிறேன்.

காடு யாருடையது?

முதலில் இதைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். இலங்கையில் காடு என்றால் அநேகமாக அரச காணிதான். எப்போதும் இப்படி இருந்ததில்லை. 1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம், காடு, தரிசு, பயிரிடாத நிலம் எல்லாம் வேறு உரித்து நிரூபிக்கப்படும் வரை பிரித்தானிய முடிக்குச் சொந்தம் என்று எடுத்துக்கொண்டது. கோப்பித் தோட்டங்களுக்குக் காணி தேவைப்பட்ட காலம் அது. தலைமுறை தலைமுறையாக மாடு மேய்த்தும், விறகு பொறுக்கியும், தேன் எடுத்தும், சேனை வெட்டியும் வந்தவர்களிடம் உறுதி ஏது, பத்திரம் ஏது? 1897இல் வந்த தரிசு நிலச் சட்டம் அதே பிடியை இன்னும் இறுக்கியது. வனத்துக்கென்று 1885இல் ஒரு கட்டளைச் சட்டமும், பிறகு 1907இல் 16ஆம் இலக்க வனக் கட்டளைச் சட்டமும் வந்தன. பல திருத்தங்களைக் கண்ட அந்த 1907ஆம் ஆண்டுச் சட்டம்தான் இன்றும் வனத் திணைக்களத்தின் அடித்தளம்.

ஆக, திணைக்களத்தின் வேலை காவல் என்றாகிவிட்டது. காட்டோரத்தில் வாழ்கிறவர்கள், காட்டுக்குள் களவாக நுழையக்கூடியவர்கள் என்ற கணக்கில் சேர்ந்துவிட்டார்கள். சரி, காவல் போட்டதால் காடு தப்பியதா? 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் இந்தத் தீவின் நிலத்தில் சுமார் 80 வீதம் காடாக இருந்ததாகச் சொல்வார்கள். 1956இல் அது 44 வீதம். இன்று 30 வீதத்தை ஒட்டி நிற்கிறது. தோட்டங்கள், குடியேற்றத் திட்டங்கள், மகாவலி, யுத்தம் என்று காரணங்கள் பல உண்டு. காவலால் மட்டும் காட்டைக் காப்பாற்ற முடியாது என்பது மட்டும் உறுதி. ஒரு பீட் ஒஃபிசருக்கு, அதாவது களத்தில் நிற்கும் வன அலுவலருக்கு, ஆயிரக்கணக்கான ஏக்கர், ஒரு மோட்டார் சைக்கிள். அவரால் எத்தனை இடத்தில் நிற்க முடியும்?

சமூக வனவியல் இங்கேதான் வருகிறது. காணி அரசிடமே இருக்கும். ஆனால் அந்தக் காட்டுத் துண்டை அடுத்திருக்கும் ஊர் ஒரு குழுவாகப் பதிந்துகொண்டு, திணைக்களத்தோடு ஓர் உடன்படிக்கை செய்துகொள்ளும். எல்லை எது, எதை எடுக்கலாம், எதை எடுக்கக்கூடாது, யார் காவல், வெட்டும்போது ஊருக்கு எத்தனை பங்கு என்பதெல்லாம் எழுத்தில் வரும். ஊருக்குக் கடமையும் உண்டு, உரிமையும் உண்டு. கடமையை மட்டும் கொடுத்துவிட்டு அதைச் சமூக வனவியல் என்று சொல்கிற இடங்களும் இருக்கின்றன. அது சம்பளமில்லாத காவல் வேலை, அவ்வளவுதான்.

‘நிலைபேறான’ என்ற சொல் பலரைப் பயமுறுத்துகிறது. பெரியம்மாவின் ஊர்க் குழு வைத்திருந்த ஒரு விதியைப் பார்த்தால் அது விளங்கிவிடும். காட்டுக்குள் கத்தி கொண்டு போகலாம், கோடரி கொண்டு போகக்கூடாது. கத்தியால் காய்ந்த கொப்பு, கொடி, வேலிக்கு ஒரு தடி வெட்டலாம், முதிரையையோ பாலையையோ சாய்க்க முடியாது. பாலைப் பழக் காலத்தில் பழம் பொறுக்கலாம், பழத்துக்காகக் கொப்பை முறிக்கக்கூடாது. அடுத்த வருடமும் அதே மரத்தில் அதே பழம் கிடைக்க வேண்டும். இந்த அளவோடு எடுப்பதைத்தான் அறிக்கைகளில் நிலைபேறான முகாமைத்துவம் என்று எழுதுகிறார்கள்.

ஊரே பார்த்துக்கொள்ளும் என்றால் காசு எதற்கு?

கொழும்பில் இதைப் பற்றிப் பேசும்போதெல்லாம் இந்தக் கேள்வியை யாராவது கேட்பார்கள். ஊரவருக்குக் காடு வேண்டுமென்றால் அவர்களே காப்பாற்றட்டுமே என்று. நியாயமான கேள்விதான். பதிலுக்கு ஒரு தீ வழியைக் கிட்ட நின்று பார்ப்போம்.

வன்னியில் சோளகம் வீசும் மாதங்களில் மழை கிடையாது. ஆடி, ஆவணியில் தேக்கிலை உதிர்ந்து கணுக்கால் புதையும் அளவுக்குக் கிடக்கும். காட்டோரத்தில் ஆளுயரத்துக்குக் கினிப் புல் காய்ந்து நிற்கும். வேட்டைக்குப் போகிறவர் வைத்த நெருப்பு, மாட்டுக்குப் புதுப்புல் முளைக்கட்டும் என்று வைத்த நெருப்பு, சேனைக்கு வைத்துக் காற்றில் கைமீறிய நெருப்பு என்று ஏதோ ஒன்று வரும். அதற்கு முன்பே காட்டைச் சுற்றிப் பத்துப் பன்னிரண்டு அடி அகலத்துக்குப் புல்லைச் செருக்கி, சருகை வாரி, வெறும் செம்மண் தெரியும்வரை துப்புரவாக்க வேண்டும். அதுதான் தீ வழி. கொப்பியில் இருந்த கணக்குப்படி 14 பேர், இரண்டு நாள். அதாவது வருடத்துக்கு 28 ஆள்நாள் கூலி. அந்த இரண்டு நாளும் அவர்கள் வேறு வேலைக்குப் போயிருந்தால் கைக்குக் காசு வந்திருக்கும். நாட்கூலியில் வாழும் குடும்பத்துக்கு இரண்டு நாள் என்பது சின்னக் கணக்கல்ல.

இந்த வேலை ஒரு வருடத்தோடு முடிவதில்லை. தேக்கு நட்டுப் பத்து வயதளவில்தான், நெருக்கமாக நிற்பதில் சிலவற்றை வெட்டி இடைவெளி விடும் முதல் ஐதாக்கலில், ஏதோ கம்பு தடி கிடைக்கும். முழு மரமாக வெட்ட முப்பது வருடம் தாண்டும். அதுவரை செலவுதான், வரவு இல்லை. இதோடு எல்லை அளந்து கல் போடுவது, முகாமைத்துவத் திட்டம் எழுதுவது, நாற்றுமேடை, கிணறு, குழுவுக்குக் கணக்கு எழுதப் பயிற்சி என்று முதல் வருடங்களில் ஒரேயடியாக வரும் செலவுகளும் இருக்கின்றன. காட்டில் கை வைக்காமல் வாழ வழி வேண்டுமே என்று, சின்ன ஒரு சுழல் கடன் நிதியும் பல இடங்களில் சேர்த்துக் கொடுத்தார்கள். ஆடு வாங்க, கோழிக்கூடு கட்ட, தையல் மெசின் வாங்க அதில் கடன் எடுத்துத் திருப்பிக் கட்டினார்கள்.

அடுத்தது, இன்னும் முக்கியமானது. அந்தக் காட்டின் பலன் முழுவதும் ஊருக்குள்ளேயே நின்றுவிடுவதில்லை. கொழும்பிலேயே உதாரணம் இருக்கிறது. இந்த நகரத்துக்குக் குழாய்த் தண்ணீர் கொடுக்க லபுகம நீர்த்தேக்கத்தை 1886இல் கட்டினார்கள். லபுகம, களட்டுவாவ இரண்டு நீர்த்தேக்கங்களையும் சுற்றி இன்றும் ஒதுக்குக் காடு நிற்கிறது. அந்தத் தண்ணீர் அவ்வளவு தெளிவாக வருவதற்கு அந்தக் காடுதான் காரணம். வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் நாம் பிடிக்கும் மிச்சத் தண்ணீரில் பெரும்பகுதி அம்பத்தலையில் களனி ஆற்றிலிருந்து எடுத்துச் சுத்திகரித்தது. களனி எங்கே தொடங்குகிறது? சிவனொளிபாதமலைப் பக்கத்து மலைகளில், மஸ்கெலிய ஓயாவாகவும் கெஹெல்கமு ஓயாவாகவும். மலையில் மரம் குறைந்தால் மண் கரைந்து வரும், சுத்திகரிப்புச் செலவு ஏறும். பெரிய வெள்ளத்தை எந்தக் காடும் முழுவதுமாக மறித்துவிடாது, 2016 மே மாதம் பார்த்தோம். ஆனால் சாதாரண மழையை உறிஞ்சிவைத்து, கோடையில் மெல்ல மெல்ல விடுகிற வேலையைக் காடு செய்கிறது.

வன்னிக் காட்டுக்கும் இதே நியாயம்தான். அங்கே பலன் அடைவது குளமும், குளத்தை நம்பிய வயலும், நிலத்தடி நீரும். பலன் ஊரைத் தாண்டிப் போகும்போது செலவை ஊர் மட்டும் சுமப்பது சரியல்ல. பொது நிதி என்பதற்கு அடிப்படை இந்த நியாயம்தான், தர்மம் போடுவதல்ல.

2022இல் எரிவாயு சிலிண்டருக்கு வரிசையில் நின்ற நாட்கள் மறந்திருக்காது. கொழும்பில் தொடர்மாடி வீட்டின் பல்கனியில் மூன்று கல் வைத்து விறகு மூட்டினோம். கடையில் விறகுக்கட்டு விற்றார்கள். அந்த விறகு எங்கிருந்தோ ஒரு தோட்டத்திலிருந்தோ காட்டிலிருந்தோதான் வந்தது. நகரத்துக்குக் காடு எவ்வளவு கிட்ட இருக்கிறது என்பதை நான் அந்த மாதங்களில்தான் உணர்ந்தேன்.

காசு வரும் வழிகள்

முதல் வழி நம் வரி. சாமான் வாங்கும்போது கட்டுகிற வற் வரி உட்பட, அரசின் வருமானம் பொதுவாகத் திரட்டு நிதி என்ற அரசின் பொதுக் கணக்குக்குப் போய்ச் சேரும். அரசியலமைப்பின் 149ஆவது உறுப்புரை அப்படித்தான் சொல்கிறது. அங்கிருந்து பாராளுமன்றம் ஒதுக்கி, திறைசேரி விடுவித்தால்தான் திணைக்களத்துக்குக் காசு வரும். வனத் திணைக்களத்துக்கு வரவு செலவுத் திட்டத்தில் தனித் தலைப்பு உண்டு: 283. அதில் கிடைப்பதில் சம்பளம், வாகனம், கட்டடம் போக மீதியில்தான் ஊர்க் குழுக்களுக்கான வேலை.

ஒன்றைக் கவனியுங்கள். மரம் விற்றும் அனுமதிப்பத்திரம் கொடுத்தும் காட்டிலிருந்து அரசுக்கு வரும் காசும் பொதுவாக இதே திரட்டு நிதிக்குத்தான் போகிறது. உடன்படிக்கையில் ஊருக்குப் பங்கு என்று எழுதாத இடத்தில், காட்டைக் காத்த ஊருக்கும் அந்த வருமானத்துக்கும் தொடர்பே இருக்காது. காசு காட்டிலிருந்து கொழும்புக்கு வந்து, திரும்பவும் கொழும்பிலிருந்து ஒதுக்கீடாகக் காட்டுக்குப் போக வேண்டும். போகும் வழியில் மெலிந்துவிடும்.

இரண்டாவது வழி வெளிநாட்டுக் கடனும் நன்கொடையும். நம் நாட்டில் சமூக வனவியலின் வரலாறு பெரும்பாலும் இதில்தான் நடந்திருக்கிறது. 1982இல் ஆசிய அபிவிருத்தி வங்கியின் கடனில் முதல் சமூக வனவியல் திட்டம் தொடங்கியது. கண்டி, மாத்தளை, நுவரெலியா, பதுளை, மட்டக்களப்பு ஆகிய மாவட்டங்கள். அதே வங்கியின் உதவியோடு 1990களில் பங்கேற்பு வனவியல் திட்டம் வந்தது. 1995இன் தேசிய வனக் கொள்கை, மக்களின் பங்களிப்பு இல்லாமல் காட்டைக் காக்க முடியாது என்பதை ஏற்றுக்கொண்டது. பிறகு அவுஸ்திரேலிய உதவியில் ஒரு திட்டம். அதன் தொடர்ச்சியாக 2012 முதல் வனத் திணைக்களமும் ஐக்கிய நாடுகள் அபிவிருத்தித் திட்டமும் சேர்ந்து, யுத்தம் பாதித்த வடக்கு கிழக்கு உட்பட, உலர் வலயத்திலும் இடை வலயத்திலும் ஒரு பெரிய திட்டத்தை நடத்தின. 2016இல் உலக வங்கி வனத்துக்கும் வனஜீவராசிகளுக்கும் சேர்த்து 45 மில்லியன் டொலர் கடன் ஒன்றை அனுமதித்தது.

கடன் என்றால் நம் பிள்ளைகள் கட்டப்போகும் காசு. நன்கொடை என்றால் வேறொரு நாட்டு மக்களின் வரி. இரண்டும் பொதுப் பணம்தான். ‘வெளிநாட்டுக் காசுதானே’ என்று அலட்சியமாகச் சொல்வது எனக்கு உடன்பாடில்லை.

இதற்குள்ளேயே ஊர்களுக்கு நேராகப் போகிற ஒரு சின்ன வாய்க்காலும் உண்டு. உலகச் சுற்றாடல் வசதி நிதியத்தின் சிறு நன்கொடைத் திட்டம் 1994 முதல் இலங்கையில் இயங்கி வந்திருக்கிறது. ஒரு திட்டத்துக்கு உச்ச வரம்பு நீண்ட காலம் 50,000 டொலராக இருந்தது. ஊர் அமைப்புகளும் சிறு தொண்டு நிறுவனங்களும் நேரடியாக விண்ணப்பிக்கலாம். தொகை சின்னதுதான். ஆனால் பெரியம்மாவைப் போன்றவர்கள் கணக்கு வைக்கக்கூடிய அளவு.

மூன்றாவது வழியை யாரும் நிதி என்று எழுதுவதில்லை. ஊரவரின் உழைப்பு. தீ கண்டால் இரவு பன்னிரண்டு மணிக்கு ஓடுகிற கால்களுக்குக் கூலி யாரும் போட்டதில்லை. அதைக் கணக்கில் சேர்த்தால், சமூக வனவியலுக்கு அதிகம் நிதி கொடுப்பவர்கள் கிராமத்தவர்கள்தான் என்று நினைக்கிறேன்.

எங்கே சிக்குகிறது?

திட்டத்தின் ஆயுள் மூன்று வருடம், ஐந்து வருடம். மரத்தின் ஆயுள் முப்பது வருடம். சிக்கலின் வேர் இதுதான். முதல் வருடத்தில் ஜீப் வரும், கூட்டம் நடக்கும், பெயர்ப்பலகை நடுவார்கள். அந்த வருடச் செலவுக்குள்ளேயே காசை முடித்துவிட வேண்டும் என்ற அவசரத்தில், ஊருக்குத் தேவையோ இல்லையோ ஆயிரக்கணக்கில் கன்று இறக்குவார்கள். கன்று நட்ட எண்ணிக்கை அறிக்கையில் ஏறிவிடும். நாலாவது வருடம் தீ வழி செருக்க 28 ஆள்நாள் கூலிக்குக் காசு இருக்காது. பெரியம்மாவின் ஊரில் நடந்தது இதுதான். ஆறாவது வருடத்து ஆவணியில் வந்த நெருப்பில் மேற்குப் பக்கத்து இளந்தேக்கு முழுவதும் போய்விட்டது. நட்டதற்கு ஆன செலவோடு பார்த்தால், அந்தக் கூலி ஒன்றுமே இல்லை.

அரச கணக்கியலில் இதற்கு ஒரு பெயர் இருக்கிறது. மூலதனச் செலவு, மீண்டெழும் செலவு என்று இரண்டாகப் பிரிப்பார்கள். கன்று நடுவது மூலதனம், அதற்குக் கடன் கிடைக்கும், நன்கொடை கிடைக்கும், திறப்பு விழாவும் உண்டு. நட்டதைக் காப்பது மீண்டெழும் செலவு, அதற்கு யாரும் கடன் தர மாட்டார்கள். நாடு காசுக்குத் தவிக்கும்போது முதலில் வெட்டு விழுவதும் இந்த மாதிரிச் சின்னத் தொகைகளில்தான். 2022 ஏப்ரலில் நாடு வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாது என்று அறிவித்த பிறகு, கடனில் ஓடிய பல வேலைகள் அப்படியே நின்றன. வெளிநாட்டுக் காசையே நம்பிக் காட்டை வைத்திருப்பது எவ்வளவு ஆபத்து என்பதற்கு வேறு சாட்சி தேவையில்லை.

காணி உரிமையும் அடுத்த சிக்கல். முப்பது வருடம் கழித்து வெட்டப்போகும் மரத்துக்கு இன்று தண்ணீர் ஊற்றுகிறவருக்கு, அப்போதும் அந்த உடன்படிக்கை செல்லும் என்ற நம்பிக்கை வேண்டும். வடக்கில் அந்த நம்பிக்கை குறைவு. யுத்தத்தில் இடம்பெயர்ந்து திரும்பி வந்து பார்த்தால், தாங்கள் பயிர் செய்த மேட்டுக்காணியில் எல்லைக் கல் நட்டிருந்த கதை வன்னியில் ஊருக்கு ஊர் உண்டு. வர்த்தமானியில் ஒதுக்குக் காடாக அறிவிக்காத ஏனைய அரச காடுகளை 2001ஆம் ஆண்டின் ஒரு சுற்றறிக்கை வனத் திணைக்களத்தின் பொறுப்பில் வைத்திருந்தது. 2020 நவம்பரில் அதை நீக்கி, பிரதேச செயலாளர்களுக்கு அதிகாரத்தை மாற்றினார்கள். சுற்றாடல் அமைப்புகள் எதிர்த்தன, காணியில்லாத மக்களில் பலர் வரவேற்றார்கள். யார் சரி என்பதை இங்கே தீர்க்க வரவில்லை. ஆனால் ஒரு சுற்றறிக்கையில் மாறக்கூடிய உரிமையை நம்பி யார் தேக்கு வளர்ப்பார்கள்?

மலையகத்தைச் சொல்லாமல் போனால் மனம் ஒப்பாது. களனியின் தலைமாட்டில் வாழ்பவர்கள் தேயிலைத் தோட்ட மக்கள். விறகுச் சுமையோடு மலை ஏறி இறங்குகிற பெண்களை அட்டன், மஸ்கெலியா பக்கம் போனவர்கள் எல்லோரும் பார்த்திருப்பீர்கள். ஆனால் காணி அரசினதாகவும் பெருந்தோட்டக் கம்பனிகளின் குத்தகையிலும் இருப்பதால், கிராமம், கிராமக் குழு, கிராமக் காடு என்ற அமைப்புக்குள் லயனில் வாழ்பவர்கள் இலகுவில் வருவதில்லை. கொழும்பின் தண்ணீருக்காகக் காசு செலவழிப்பதென்றால் முதலில் அவர்களிடம் அல்லவா போக வேண்டும்?

மற்ற நாடுகள் என்ன செய்தன?

நேபாளத்திலிருந்து கற்றுக்கொள்ள நிறைய இருக்கிறது. 1993இன் வனச் சட்டம் அங்கே ஊர்க் குழுக்களைச் சுயமான சட்டபூர்வ அமைப்புகளாக ஏற்றுக்கொண்டது. இன்று 22 ஆயிரத்துக்கும் மேற்பட்ட குழுக்கள். விறகும் மரமும் புல்லும் விற்கும் காசு குழுவின் கணக்கிலேயே தங்கும். அதில் ஆகக்குறைந்தது கால் பங்கைக் காட்டுக்கே திருப்பிச் செலவழிக்க வேண்டும் என்பது விதி. மிச்சத்தில் ஏழைக் குடும்பங்களுக்கென்று ஒரு பகுதி, பாதை, பள்ளிக்கூடம் என்று ஊர் முடிவு செய்யும். செயற்குழுவில் பாதிப் பேர் பெண்களாக இருக்க வேண்டும் என்பதும் விதி. செயற்கைக்கோள் படங்களை வைத்துச் செய்த கணக்கில், 1992இல் 26 வீதமாக இருந்த நேபாளத்தின் மரம் மூடிய நிலப்பரப்பு 2016இல் 45 வீதம் ஆகியிருந்தது. இளைஞர்கள் வெளிநாட்டுக்கு உழைக்கப் போனதால் வயல்கள் தரிசாகி மரம் வளர்ந்ததும் அதற்கு ஒரு காரணம், அதையும் சொல்லிவிட வேண்டும். ஆனாலும் குழுக்களின் பங்கு மறுக்க முடியாதது. அங்கே அரசு கொடுத்தது பெரும்பாலும் காசல்ல, காசை வைத்துக்கொள்ளும் உரிமை.

கொஸ்டாரிக்கா வேறு வழியில் போனது. 1996இல் ஒரு வனச் சட்டம் கொண்டுவந்து, பெற்றோலுக்கு விதிக்கும் வரியில் ஒரு பங்கைக் காட்டுக்கென்று ஒதுக்கியது. இப்போது அது அந்த வரியின் 3.5 வீதம். தண்ணீரைக் காக்கிறது, கரியமில வாயுவை உறிஞ்சுகிறது, உயிரினங்களை வாழவைக்கிறது என்று காடு செய்யும் சேவைக்குக் காணிக்காரருக்கு அதிலிருந்து காசு கொடுக்கிறார்கள். கார் ஓடும் வரை அந்த ஊற்று வற்றாது. ஒரு காலத்தில் நிலத்தில் கால் பங்களவுக்கு இறங்கிவிட்ட காடு இன்று அங்கே பாதிக்கு மேல். மாட்டுப் பண்ணைகள் நட்டப்பட்டுக் குறைந்ததும் அதற்கு உதவியது.

இந்தியாவின் கதை நமக்குக் கிட்டியது. மேற்கு வங்கத்தில் அரபாரி என்ற இடத்தில் 1970களின் தொடக்கத்தில் ஒரு வன அதிகாரி, 11 கிராமங்களின் 600க்கும் மேற்பட்ட குடும்பங்களிடம் போய், அழிந்துகிடந்த சால் மரக் காட்டைக் காப்பாற்றித் தாருங்கள், வருமானத்தில் 25 வீதம் உங்களுக்கு என்றார். காடு திரும்பி வந்தது. 1990இல் அது நாடு முழுவதற்குமான கூட்டு வன முகாமைத்துவமாக விரிந்தது. இன்னொன்றையும் அவர்கள் செய்கிறார்கள். மத்திய அரசின் வரியை மாநிலங்களுக்குப் பங்கிடும்போது, எந்த மாநிலத்தில் காடு அதிகமோ அதற்குக் கூடுதல் பங்கு. 14ஆவது நிதி ஆணைக்குழு இதற்கு 7.5 வீத எடை கொடுத்தது, 15ஆவது 10 வீதமாக்கியது. நல்ல யோசனை. ஆனால் அந்தக் காசு மாநிலத்தின் பொதுக் கணக்கில் போய் விழுகிறது. காட்டோர ஊருக்கு அதில் எவ்வளவு போகிறது என்பதற்கு அந்த முறையில் பதில் இல்லை.

மூன்றையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், எனக்குத் தோன்றுவது இதுதான்: ஒரு ஊர்க் காட்டுக்குப் பெரிய தொகை தேவையில்லை, நிற்காத தொகைதான் தேவை. ஐந்து வருடத்துக்கு ஐம்பது இலட்சம் கொடுத்துவிட்டுப் போவதைவிட, இருபத்தைந்து வருடத்துக்கு வருடம் இரண்டு இலட்சம், அதுவும் ஆடி பிறக்க முன்பு கையில் கிடைத்தால் காடு நிற்கும். அந்தக் காசு பிரதேச செயலகத்தின் அறிவித்தல் பலகையிலும் ஊர் வாசிகசாலைச் சுவரிலும் தமிழில் ஒட்டப்பட வேண்டும். காசோலையில் மூன்று கையெழுத்து இருக்க வேண்டும், அதில் ஒன்றாவது பெண்ணுடையதாக இருக்க வேண்டும். விறகு பொறுக்குவது யார், நெருப்பை முதலில் காண்பது யார் என்று பார்த்தால் இதற்குக் காரணம் விளங்கும்.

கொழும்பில் இருந்துகொண்டு நாம் பார்க்கக்கூடியது

வரவு செலவுத் திட்ட மதிப்பீடுகள் இரகசியப் பத்திரங்கள் அல்ல. திறைசேரியின் இணையத்தளத்தில் கிடக்கின்றன. தலைப்பு 283ஐத் தேடுங்கள். ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் காசு எங்கிருந்து வருகிறது என்று ஒரு குறியீட்டு எண் இருக்கும். 11 என்றால் உள்நாட்டு நிதி. 12 என்றால் வெளிநாட்டுக் கடன். 13 என்றால் வெளிநாட்டு நன்கொடை. மூலதனச் செலவில் சமூகக் காடு, மர நடுகை மாதிரி வருகிற வரிகளில் 12உம் 13உம் மட்டும் தெரிந்தால், அந்த வேலைக்கு முடிவுத் திகதி உண்டு என்று எடுத்துக்கொள்ளலாம். 11 தெரிந்தால் கொஞ்சம் மூச்சு விடலாம். அப்புறம், ஒதுக்கியது ஒரு தொகை, செலவழித்தது வேறு தொகை. முந்தின வருடங்களின் உண்மைச் செலவையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

மிச்சத்தை 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் கேட்கலாம். எந்தப் பிரஜையும் கேட்கலாம், ஏன் கேட்கிறீர்கள் என்று காரணம் சொல்லத் தேவையில்லை, தமிழிலேயே எழுதலாம். 14 வேலை நாட்களுக்குள் தகவல் அலுவலர் முடிவு சொல்ல வேண்டும்.

வவுனியாவிலிருந்து திரும்பியதும் நானும் ஒன்று எழுதிப் பதிவுத் தபாலில் அனுப்பினேன். மூன்றே கேள்விகள். அந்த ஊரின் உடன்படிக்கை இன்னும் வலுவில் உள்ளதா, எந்தத் திகதி வரை? கடந்த ஐந்து வருடங்களில் அந்தக் காட்டுக்கென்று செலவான தொகை எவ்வளவு, எதற்கு? ஐதாக்கலில் வெட்டிய மரத்தின் வருமானத்தில் ஊரின் பங்கு எந்தக் கணக்கில் இருக்கிறது?

விண்ணப்பத்தின் பிரதி ஒன்றைப் பெரியம்மாவுக்கும் அனுப்பிவைத்தேன். மறுநாள் தொலைபேசியில் எடுத்து, பதிவுத் தபாலுக்கு எவ்வளவு போனது என்று கேட்டார். “அதெல்லாம் வேண்டாம் பெரியம்மா” என்றேன். “உனக்கு வேண்டாமெண்டால் சரி, கொப்பிக்கு வேணும்” என்று சொல்லி, தொகையைக் கேட்டுச் செலவுப் பக்கத்தில் எழுதிக்கொண்டார்.